வெறும் கீறல்தான், மேடம்

என் கணவர் ரஜீவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது நான்தான். அவர் செத்துப்போனதில் அந்த இங்கிலீஷின் ஒரு வரிக்குப் பங்கு இருக்கிறது. தோட்டத்தில் எல்லோரும் நாய்க்குட்டியைத் திட்டுகிறார்கள். சிலர் விதியைத் திட்டுகிறார்கள். என் மாமியார் லெட்சுமி, பக்கத்து லயத்து வீட்டுக்காரி ஒருத்தியின் கண்பட்டதுதான் காரணம் என்று அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டார். என்னை மட்டும் ஒருவரும் திட்டவில்லை. பிள்ளையோடு நிற்கிறாளே, பாவம் என்கிறார்கள். அந்தப் பாவத்தைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது கல்லுமலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில். அப்புத்தளையிலிருந்து ஆட்டோவில் அரை மணி நேரம். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் நான் வேலை பார்க்கிறேன். உயர்தரம் பாஸ் பண்ணினேன், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. பிறகு பண்டாரவளையில் ஒரு வருடம் இங்கிலீஷ் கோர்ஸ் படித்தேன். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியவர் ரஜீவ். அவர் ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். எட்டு வருடம் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். அது பிடிக்காமல் ஒரு ஆட்டோ எடுத்து, அப்புத்தளை ஸ்டேஷனில் இறங்கும் வெள்ளைக்காரர்களை மலையுச்சியில் இருக்கும் லிப்டன் சீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

ஏற்றத் தெரிந்தது, பேசத் தெரியவில்லை. சாயந்திரங்களில் மகள் தனுஜாவின் பழைய கொப்பியின் பின்பக்கத்தில் இங்கிலீஷ் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். 'வேர் ஆர் யூ ஃப்ரம் மேடம்', 'பிளீஸ் வாட்ச் யுவர் ஹெட்' என்று வரிசையாக இருக்கும். தனுஜா டீச்சர் மாதிரி எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பாள். தப்பாகச் சொன்னால் அப்பாவின் காதைத் திருகுவாள். அவரும் திருகக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் கையில் ஒரு பெரிய பிளாஸ்டரோடு வந்தார்.

"டயர் மாத்தறப்ப லேசா கிழிஞ்சிருச்சு. அதுக்குப் போயி ஒரு வெள்ளக்காரம்மா பதறி, பையில இருந்த பஞ்சு மருந்து எல்லாத்தையும் ரோட்டுல கொட்டிருச்சு. எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு. ஒண்ணுமில்லைங்கன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?"

"இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்கிராட்ச்."

"அப்படின்னா?"

"வெறும் கீறல்தான்னு அர்த்தம். படத்துல எல்லாம் வருமே, குண்டு பட்டவன்கூட அதைத்தான் சொல்லுவான்."

குண்டு பட்டவன் சொல்வது என்றதும் அவருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போனது. கடைசிச் சொல் மட்டும் வாயில் வர மறுத்தது. இரண்டு நாள் 'இஸ்கராச்சு, இஸ்கராச்சு' என்று ஆட்டோ கழுவும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சுத்தமாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் அதுதான். அட்டை கடித்தால் ஜஸ்ட் எ ஸ்கிராட்ச். தோசைக்கல் சுட்டால் ஜஸ்ட் எ ஸ்கிராட்ச். அத்தை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போன பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்து அதையே சொல்வார். கிரிக்கெட்டில் இலங்கை தோற்றால்கூட டிவியை நிறுத்திவிட்டு அதைத்தான் சொல்வார். நானும் தனுஜாவும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அடிபட்டால் மறைக்கத்தான் தெரியும். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது காலில் கட்டோடு நின்றால், வீட்டுக்குப் போ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்றைய பேர் விழாது, சம்பளமும் இல்லை. அதனால் என் அம்மா புண்ணைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நிற்பாள். கங்காணி "கால்ல என்ன?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லைங்க" என்பாள். தொரை கேட்டாலும் ஒண்ணுமில்லைங்க. டிஸ்பென்சரிக்கு மருந்து வாங்கப் போய், என்ன செய்யுது என்று ஐயா கேட்டால் அவரிடமும் முதலில் வாயில் வருவது ஒண்ணுமில்லைங்கதான். ரஜீவும் எட்டு வருடம் அந்தக் களத்தில் நின்றவர். நான் அவருக்குப் புதிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதே ஒண்ணுமில்லைங்கவுக்குக் காற்சட்டை மாட்டி அனுப்பினேன். அப்போது எனக்கு அது தெரியவில்லை.

பெப்ரவரி மாதம் ஹாலந்திலிருந்து கிளாரா என்ற பெண்ணும் அவள் புருஷனும் வந்தார்கள். மூன்று நாள் ரஜீவின் ஆட்டோவில்தான் சுற்றினார்கள். மூன்றாம் நாள் லிப்டன் சீட்டிலிருந்து இறங்கும்போது, ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டி கத்தும் சத்தம் கேட்டிருக்கிறது. கிளாரா ஆட்டோவை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். இவர் இறங்கி, ரோட்டுக்கு அடியில் போகும் மோரிக்குள் கையை விட்டுக் குட்டியை இழுத்து எடுத்தார். அவள் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்புத்தளை வரை வந்தாள். பால் வாங்கி ஊற்றினால் குட்டி குடிக்கவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கும் நௌபர், ரஜீவின் கூட்டாளி, ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதில் படுக்க வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

இந்தக் கதையை அன்று சாயந்திரம் தனுஜாவிடம் அவர் சொன்னார். குட்டி கறுப்பா, வெள்ளையா, வால் எவ்வளவு நீளம் என்று அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். குட்டி நகத்தால் கீறியதை மட்டும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அது ஒரு விஷயமாக அவருக்குத் தோன்றியிருக்காது. சோறு போடும்போது அவர் மணிக்கட்டில் இரண்டு சிவப்புக் கோடுகளை நான் பார்த்தேன்.

"கையில என்னங்க?"

அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, குண்டடி பட்டவர் மாதிரி சுவரில் சாய்ந்து, கண்ணைச் செருகி, "இட்ஸ்... ஜஸ்ட்... எ ஸ்கிராட்ச்" என்றார்.

தனுஜா சிரித்துப் புரண்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பருப்பை ஊற்றினேன். எது கீறியது என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை கிளாராவும் புருஷனும் பதுளைக்கு ரயில் ஏறினார்கள். ஏறும் முன் குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். செத்துப்போய்விட்டது என்று இவர் சொல்லியிருக்கிறார். எனக்கும் போன் பண்ணி, "குட்டி செத்துப்போச்சு யசோ, தனுஜாகிட்ட சொல்லாத" என்றார். நான் தனுஜாவிடம் சொல்லவில்லை. அந்த ஒரு காரியத்தை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

அன்று சாயந்திரம் நான் அடுப்படியில் இருந்தேன். விறகு ஈரம், புகை கண்ணைக் கரித்தது. பிள்ளைக் காம்பராவின் மாத அறிக்கையை மறுநாள் கொடுக்க வேண்டும், அதுவும் எழுதி முடியவில்லை. ரஜீவ் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிளாரா வாட்ஸ்அப்பில் குரல் செய்தி ஒன்று அனுப்பியிருந்தாள். நீளம் ஒரு நிமிடம் நாற்பத்தேழு வினாடி என்று திரையில் போட்டிருந்தது. அதற்குக் கீழே 'கை எப்படி இருக்கிறது?' என்று இங்கிலீஷில் ஒரு வரி.

"அந்தம்மா வேகமாப் பேசுது, எனக்குப் புடிபடல. ஆஸ்பத்திரி, டாக்டர்னு என்னமோ வருது. என் கையைப் பத்திக் கேக்குது போல. நீ கேட்டுட்டுச் சொல்லு."

"அவங்களுக்கு அட்டை கடிச்சாலே ஆஸ்பத்திரிதான். நான் அப்பறம் கேக்கிறேன். இப்ப என்ன போட?"

"நம்ம டயலாக்கையே போட்டுவிடு."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நான்தான் அடித்தேன். வெறும் கீறல்தான், மேடம். கவலை வேண்டாம். எழுத்துப்பிழை இல்லாமல், முற்றுப்புள்ளி வைத்து அடித்தேன். நிச்சயமாகவா என்று அவள் உடனே கேட்டாள். ஆமாம் மேடம், நன்றி என்று அதற்கும் நானே பதில் போட்டேன். அப்புறம் கேட்கிறேன் என்று சொன்னதை நான் கேட்கவே இல்லை. கீறல் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

சித்திரை வருஷத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவருக்குக் கை குறுகுறுத்தது. மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே இருந்தார். புது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று சோப்பை மாற்றினேன். மறுநாள் காய்ச்சல், தலையிடி. டிஸ்பென்சரியில் கேட்டபோது, மழையில் நனைந்ததாகச் சொல்லி மாத்திரை வாங்கி வந்தார். இரண்டு நாள் படுத்திருந்தார். படுத்திருக்கும் ஆளே இல்லை அவர். அப்போதும் நான் கொழும்பிலிருந்து வருகிற நாத்தனார் குடும்பத்துக்குப் பலகாரம் சுடுவதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் தொண்டை இழுத்து, உடம்பெல்லாம் உதறி, கோப்பையைத் தூக்கி எறிந்துவிட்டார். அப்படி எறிகிறவர் இல்லை. எறிந்துவிட்டு அவரே பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"தண்ணி எறங்க மாட்டேங்குது யசோ. கண்ணால பாத்தாலே என்னமோ பண்ணுது."

அத்தை திருநீறு பூசினார். நான் நௌபருக்குப் போன் பண்ணினேன். அவர் நோன்பும் பெருநாளும் முடிந்து அன்றைக்குத்தான் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். அரை மணி நேரத்தில் லயத்து வாசலில் ஆட்டோ நின்றது.

"தங்கச்சி, இங்க அங்கன்னு வேணாம். நேரா பதுளைக்கே போவம்" என்றார்.

போகும் வழியெல்லாம் ரஜீவ் காற்றைத் தாங்க முடியாமல் துடித்தார். மழைக்குப் போடுகிற பக்கத்துப் படங்கை இறக்கச் சொன்னார். இறக்கியும் காற்று வந்தது. என் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஏழு வருடம் இதே காற்றில் ஆட்டோ ஓட்டிய மனுஷன். ஹாலிஎல தாண்டும்போது நௌபர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டே ஓட்டினார். அவருக்கு ஏதோ தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், தமிழ் நன்றாகப் பேசினார்.

"நாய் ஏதும் கடிச்சதா?"

"இல்லைங்க" என்றேன்.

"பூனை, குரங்கு?"

"இல்லைங்க."

"கடிக்கலைன்னாலும் பரவாயில்லை. ரெண்டு மூணு மாசத்துக்குள்ள எதாவது நகத்தால கீறிச்சா? குட்டி கிட்டி ஏதும்?"

மோரிக்குள் போன கை, இரண்டு சிவப்புக் கோடு, சுவரில் சாய்ந்து அவர் நடித்த நடிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. குட்டி செத்தது எனக்குத் தெரியும். கையில் கீறல் இருந்தது எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும். இரண்டு மாதமாக அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

"நாய்க்குட்டிங்க. பெப்ரவரியில. கீறல்தானுங்க" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தக் குட்டி என்ன ஆனது என்று கேட்டார். மறுநாளே செத்துவிட்டது என்றேன். என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டுப்போய், வாங்கு ஒன்றில் உட்கார வைத்து, விசர்நாய் நோய் என்று மறைக்காமல் சொன்னார். கீறிய அன்றைக்கோ அடுத்த நாளோ ஊசி போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். நோய் வெளியே தெரிந்த பிறகு மருந்து இல்லை, இனி வேதனையைக் குறைக்கத்தான் முடியும் என்றார். அந்த ஊசி அங்கேயே இலவசமாகப் போடுகிறார்கள் என்பதையும் நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

உள்ளே போனேன். ரஜீவ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் வேர்த்திருந்தது. புத்தி தெளிவாக இருந்தது, அதுதான் கொடுமை.

"என்னவாம்?" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறல் எந்த இடத்தில் இருந்தது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. தழும்புகூட விடாமல் ஆறியிருந்தது.

"ஒண்ணுமில்லைங்க" என்றேன்.

அவர் நம்பினார். நான் படித்தவள், நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எப்போதும் நம்புகிறவர். "அப்ப வருஷத்துக்கு வீட்டுக்குப் போயிறலாம்" என்றார். அதுதான் அவர் என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள்.

அவரைத் தனி அறைக்குக் கொண்டுபோன பிறகு, அவருடைய போன் என் கைப்பையில் இருந்தது. நான் வராந்தாவில் நின்று அந்தக் குரல் செய்தியைத் தேடி எடுத்துக் கேட்டேன். கிளாரா வேகமாகத்தான் பேசியிருந்தாள், ஆனால் எனக்கு ஒரு சொல்கூடத் தவறவில்லை. ரஜீவை அவள் ராஜ் என்றுதான் கூப்பிட்டாள். ராஜ், குட்டி செத்துப்போனது எனக்குப் பயமாக இருக்கிறது. அது என் விரலை நக்கியது, உன் கையைக் கீறியது. நாங்கள் இருவரும் இப்போது பதுளை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டோம். சின்னக் கீறலே போதும் என்று டாக்டர் சொல்கிறார். நீ இன்றைக்கே வர வேண்டும். காசு வேண்டாம். வேலை போகும் என்று யோசித்தால், நாளைக்கு நாங்களே அப்புத்தளைக்குத் திரும்பி வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறோம். தயவு செய்து உன் மனைவியிடம் இதைக் கேட்கக் கொடு. அவர் டீச்சர் என்று சொன்னாயே, அவருக்குப் புரியும்.

அதற்குக் கீழே என் பதில் இருந்தது. வெறும் கீறல்தான், மேடம்.

நான் நின்று கேட்ட அதே வராந்தாவின் கடைசியில்தான் கிளாராவும் வரிசையில் நின்று ஊசி போட்டிருப்பாள். அங்கே போய் நின்று பார்த்தேன். யாரோ ஒரு தாய் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளிடம் என்ன கடித்தது என்று கேட்டேன். பூனை என்றாள். "நல்ல காரியம் பண்ணுன, நல்ல காரியம் பண்ணுன" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்திருக்க வேண்டும்.

ரஜீவ் அடுத்த நாள் மத்தியானம் போய்விட்டார். வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் அடக்கம் செய்தோம்.

அவரோடு புழங்கிய எல்லோரும் ஊசி போட வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் வந்து சொன்னார். நான், அத்தை, தனுஜா, நௌபர் நான்கு பேரும் போனோம். தனுஜாவுக்கு எட்டு வயது. ஊசி ஏறும்போது கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "வலிக்குதா மகள்?" என்று தாதி கேட்டார்.

"இல்ல மிஸ். ஒண்ணுமில்ல" என்றாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. அத்தனை பேர் மத்தியில், "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுடி! வாயத் தெறந்து சொல்லு!" என்று கத்தினேன். பிள்ளை மிரண்டுபோய் ஓவென்று அழுதாள். அத்தை என்னை ஏசினார். தாதி எனக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் அந்தத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த டிசம்பரில், ரஜீவின் போனில் கிளாராவின் செய்தி வந்தது. அந்தப் போனை நான் இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். ஸ்டேஷனில் அவர் ஆட்டோ முன் நின்று மூவரும் எடுத்த படம் ஒன்றையும் அனுப்பியிருந்தாள். ராஜ் எப்படி இருக்கிறான், கை நன்றாக ஆறிவிட்டதா, ஜனவரியில் என் சிநேகிதிகள் இரண்டு பேர் வருகிறார்கள், அவன் ஆட்டோவில்தான் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கடைசியில் ஒரு நாய்க்குட்டிப் படமும் போட்டிருந்தாள்.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். யார் என்று கேட்டார். சொன்னேன். கீரையைக் கீழே வைத்தார்.

"நல்லாருக்காருன்னு போட்டுரு. ஆட்டோவ வித்துட்டு வேற வேலைக்குப் போயிட்டாருன்னு போடு. அந்தப் புள்ளதான குட்டிய எடுக்கச் சொன்னது? தெரிஞ்சா அது மனசு என்ன பாடுபடும்? போனவன் திரும்பி வரப் போறானா?"

மகனைப் பறிகொடுத்தவர் சொல்கிறார். யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்கக் கூடாது என்று வாழ்ந்து பழகிய மனசு அது. அதைக் கேட்டு எனக்குக் கோபமும் வந்தது, அவரைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. கை ஆறிவிட்டது மேடம் என்று அடித்தேன். அதில் பொய் இல்லை. கை ஆறித்தான் இருந்தது. அனுப்பும் இடத்தில் விரலை வைத்தேன். திரையில் அதற்கு மேலே பெப்ரவரியில் நான் போட்ட வரி நின்றது, அதே மாதிரி ஒழுங்கான இங்கிலீஷில், முற்றுப்புள்ளியோடு.

எல்லாவற்றையும் அழித்தேன். திரும்ப எழுத ரொம்ப நேரம் பிடித்தது. நான் ரஜீவின் மனைவி யசோ. அவர் ஏப்ரலில் இறந்துவிட்டார். அந்தக் கீறல்தான் காரணம். நீங்கள் சொன்னதை அவருக்குப் புரிய வைத்திருக்க வேண்டியவள் நான். உங்கள் குரலை நான் அன்று கேட்கவில்லை. கீறல்தான் என்று பதில் போட்டது அவர் இல்லை, நான். உங்கள்மேல் தப்பு இல்லை, நீங்கள் கூப்பிட்டீர்கள். எழுத்துப்பிழை இருந்ததா என்று திரும்பப் படிக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் செய்திக்குக் கீழே இரண்டு கோடும் நீலமாகின, அவள் படித்துவிட்டாள். பிறகு ஒன்றும் வரவில்லை. அத்தை கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தனுஜா பள்ளிக்கூடம் விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது.

எடுத்தேன். மறுபக்கத்தில் அழுகைதான் கேட்டது. கிளாரா எதையோ சொல்ல வந்து, முடியாமல், திரும்பவும் ஆரம்பித்தாள். மன்னித்துவிடு, மன்னித்துவிடு என்று பலமுறை சொன்னாள். அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு, மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"யசோ, ஆர் யூ ஓகே?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று கொப்பியின் பின்பக்கத்தில் நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'யெஸ் மேடம், ஐ ஆம் ஃபைன், நோ ப்ராப்ளம்.' எட்டு மாதமாகத் தோட்டத்தில் கேட்கிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதுதான் நாக்கு நுனிக்கு வந்தது. தனுஜா ஒரு காலில் சப்பாத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நோ, மேடம்" என்றேன். "நோ."

அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. வலிக்குது, வலிக்குது என்று தமிழில் சொல்லி அழுதேன். கிளாரா போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.